வெர்ஷன் பழசு, பூட்டு புதுசு: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் கடைக் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போடுவது பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்: காசு வாங்காமல் இதை யார் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்களை நம்பலாமா? அதனால் பிரின்டர், வைஃபை கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மேடம், நீங்க எழுதினதைப் படித்துவிட்டு என் ஜெராக்ஸ் கடையில் இரண்டு மெஷினில் டெபியன் போட்டேன். நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அடிக்கடி அப்டேட் வருகிறது. யார் அனுப்புகிறார்கள்? பின்னால் கம்பெனி இல்லை என்கிறீர்கள், சம்பளமும் இல்லை என்கிறீர்கள். முகம் தெரியாதவர் அனுப்புவதை நான் ஏன் என் மெஷினில் ஏற்ற வேண்டும்?
(குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கடைசியாகக் கேட்டீர்களே, அந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும், விண்டோஸ் வைத்திருப்பவர்களும்தான்.

நம்ம பக்கம் ஏரிப் பாசனம் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். பாலாற்று அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது, ஆனால் ஏரி நிரம்பிவிட்டால் மட்டும் கடைமடை வயல் நனைந்துவிடாது. மதகைத் திறக்க, கால்வாயில் அடைப்பை எடுக்க, கரையில் எலி வளை போட்டிருக்கிறதா என்று பார்க்க, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று மடை திருப்ப ஒரு ஆள் வேண்டும். நீர்க்கட்டி என்பார்கள். லினக்ஸிலும் அப்படித்தான். ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ், உங்கள் பிரின்டரை ஓட்டும் கப்ஸ் என்று ஒவ்வொன்றையும் எழுதுகிறவர்கள் தலைமடையில் இருக்கிறார்கள். நீங்கள் கடைமடையில் இருக்கிறீர்கள். நடுவில் நின்று ஒவ்வொரு மென்பொருளையும் டெபியனுக்கு ஏற்றபடி 'பேக்கேஜ்' என்ற பொட்டலமாகக் கட்டி, மற்றவற்றோடு முட்டாமல் ஓடுகிறதா என்று பார்த்து அனுப்புகிறவர்தான் பேக்கேஜ் பராமரிப்பாளர், அதாவது மெயின்டெய்னர்.

2025 ஆகஸ்ட் 9-ம் தேதி வெளிவந்த டெபியன் 13-ல் 69,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இருக்கின்றன. அத்தனையையும் கவனிக்கிற கூட்டத்தில் ஓட்டுரிமை உள்ள டெவலப்பர்கள் சுமார் ஆயிரம் பேர், அவர்களோடு வேறு பல மெயின்டெய்னர்கள். டெபியன் அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. சிலருக்கு அவர்கள் வேலை செய்யும் நிறுவனம் நேரம் ஒதுக்கித் தருகிறது, மற்றவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து செய்கிறார்கள். 1993 ஆகஸ்டில் இயன் முர்டாக் என்ற மாணவர் ஆரம்பித்ததிலிருந்து இப்படித்தான் போகிறது. டெப்ரா என்ற தன் தோழியின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து அவர் வைத்த பெயர்தான் டெபியன். வருஷா வருஷம் தேர்தல் வைத்து ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

முகம் தெரியாதவர் என்றீர்கள். உங்களுக்குத் தெரியாதுதான், ஆனால் அந்த வட்டத்துக்குள் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்திருக்கிறார்கள். டெபியனில் டெவலப்பர் ஆக விரும்புகிறவரின் டிஜிட்டல் சாவியில், ஏற்கெனவே டெவலப்பராக இருப்பவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அவரை நேரில் சந்தித்து, அடையாள அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கையெழுத்துப் போடுவது வழக்கம். அந்தச் சாவியால் கையெழுத்திடாத எந்தப் பேக்கேஜையும் டெபியன் கிடங்கு உள்ளே எடுக்காது. எடுத்த பிறகும் நேராக உங்களிடம் வராது. முதலில் 'அன்ஸ்டேபிள்' என்ற பகுதியில் கிடக்கும், பொதுவாக 2 முதல் 10 நாள், பெரிய பழுது எதுவும் யாரும் சொல்லவில்லை என்றால்தான் 'டெஸ்டிங்' பகுதிக்கு நகரும். ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை டெஸ்டிங்கை உறைய வைத்து, பிழைகளைக் களைந்து, 'ஸ்டேபிள்' என்று வெளியிடுவார்கள். உங்கள் கடையில் இருப்பது அந்த ஸ்டேபிள். அதற்கு வருகிற அப்டேட்களில் பெரும்பாலும் பாதுகாப்பு ஓட்டையை அடைக்கிறவைதான். ஃபயர்பாக்ஸ் மாதிரி ஒன்றிரண்டைத் தவிர, புது வசதி எதையும் அதில் திணிக்க மாட்டார்கள்.

இன்னொன்று. வழியில் எவனாவது பேக்கேஜை மாற்றி வைத்தால்? உங்கள் மெஷினில் இருக்கும் 'ஆப்ட்' கருவி ஒவ்வொரு தடவையும் டெபியனின் கையெழுத்தைச் சரிபார்க்கிறது, பொருந்தாவிட்டால் நிறுவ மறுக்கும். அப்படி மறுத்து ஒரு எச்சரிக்கை வந்தால் அதைத் தட்டிவிட்டு மேலே போகாதீர்கள். கடையில் வேலை செய்யும் பையனிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: அக்கா, நான் காட்பாடி பக்கம் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். எங்கள் டிபார்ட்மென்ட் சர்வரில் டெபியன் 12. ஒரு ஸ்கேனர் கருவியை வைத்துச் சோதித்தால் சிவப்பு சிவப்பாகக் காட்டுகிறது, தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய வைத்திருக்கும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் பழைய வெர்ஷன், அதில் இத்தனை ஓட்டை என்று. தினமும் அப்டேட் செய்தும் வெர்ஷன் எண் ஏறவே மாட்டேன் என்கிறது. டெபியன்காரர்கள் தூங்குகிறார்களா? சோர்ஸ் எடுத்து நானே புதிய வெர்ஷன் கம்பைல் செய்து போட்டுவிடலாமா?

பதில்: போடாதே தம்பி. நான் அப்படிப் போட்டுப் பட்டவள், அதைச் சொல்கிறேன்.

2014 ஏப்ரல் 7-ம் தேதி ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. இணையத் தொடர்பைப் பூட்டி வைக்கப் பல மென்பொருள்கள் பொதுவாக எடுத்துப் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கோட் நூலகத்தில் இருந்த பிழை அது, வெளியிலிருந்து ஒருவன் கேட்டால் சர்வர் தன் நினைவகத்தில் இருப்பதை, கடவுச்சொல்லோ சாவியோ எதுவானாலும், துண்டு துண்டாகக் கொடுத்துவிடும். அப்போது வேலூரில் ஒரு அலுவலகத்தின் சர்வரை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமடையில் ஓப்பன்எஸ்எஸ்எல் குழு 1.0.1ஜி என்று புதிய வெர்ஷன் விட்டார்கள். டெபியன் பாதுகாப்புக் குழு அன்றைக்கே அப்டேட் விட்டுவிட்டது, ஆனால் வெர்ஷன் எண் பழைய 1.0.1இ ஆகவே இருந்தது, வாலில் மட்டும் 'டெப்7யு5' என்று. டெபியன் 7-க்கான ஐந்தாவது திருத்தம் என்பது அதன் அர்த்தம். புது வெர்ஷனில் இருந்த அந்தத் திருத்தத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பழைய வெர்ஷனில் ஒட்டியிருந்தார்கள். எங்கள் மேலாளருக்கு அது தெரியாது, எனக்கும் அப்போது முழுசாகத் தெரியாது. "ஜி என்று சொல்கிறார்கள், இங்கே இ என்று காட்டுகிறதே" என்று அவர் கேட்க, நான் ராத்திரி உட்கார்ந்து 1.0.1ஜி-யைக் கையால் கம்பைல் செய்து போட்டேன். காலையில் எல்லோருக்கும் நிம்மதி.

இரண்டே மாதம். ஜூன் 5-ம் தேதி ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இன்னொரு பெரிய ஓட்டை, இந்தத் தடவை ஜி-யிலும் இருந்தது. டெபியன் தன் பேக்கேஜை அடைத்து அனுப்பியது, என் சர்வர் அதை ஒழுங்காக வாங்கியும் வைத்துக்கொண்டது, ஆனால் ஓடிக்கொண்டிருந்தது நான் கையால் போட்டது. அதை யாரும் அடைக்கவில்லை. அதற்கு மெயின்டெய்னர் நான்தான், அந்த வேலையை ஏற்றுக்கொண்டோம் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தேன். மாதக் கணக்கில் அது அப்படியே கிடந்தது. தற்செயலாகக் கண்டுபிடித்த அன்று எனக்குக் கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த அலுவலகத்தில் ஊழியர்களின் வங்கி விவரமெல்லாம் அந்த சர்வர் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஏன் முழு வெர்ஷனையே மாற்றாமல் திருத்தத்தை மட்டும் ஒட்டுகிறார்கள் என்றால், புது வெர்ஷனில் ஓட்டை அடைப்போடு சேர்த்துப் பத்து புது மாற்றங்கள் வரும், அதில் ஒன்று உன் பழைய கான்ஃபிகரேஷனை உடைக்கும், அப்புறம் ஜனங்கள் பயந்து அப்டேட் போடுவதையே நிறுத்திவிடுவார்கள். இந்த ஒட்டுவேலையை பேக்போர்ட் என்கிறார்கள். சொல்வதற்குச் சுலபம், செய்வதற்கு மிகக் கடினம். ஐந்து வருஷத்துக்கு முந்தைய கோடில் அந்த ஃபங்ஷனே வேறு மாதிரி இருக்கும், இன்றைய திருத்தம் அப்படியே பொருந்தாது, பழைய கோடைப் படித்துப் புரிந்துகொண்டு புதிதாகத் தைக்க வேண்டும். கிழிந்த ஆரணிப் பட்டில் இழை தெரியாமல் இழை கோக்கிற வேலை.

சரி, நீ செய்ய வேண்டியது: ஸ்கேனர் காட்டும் ஒவ்வொரு சிவிஇ எண்ணையும் (ஒவ்வொரு ஓட்டைக்கும் கொடுக்கிற அடையாள எண்) எடுத்து டெபியனின் செக்யூரிட்டி டிராக்கரில் தேடு. எந்த ரிலீஸில் அடைத்தாகிவிட்டது, எதில் இன்னும் இல்லை, எது அவ்வளவு முக்கியமில்லை என்று ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அங்கே வெளிப்படையாகப் போட்டிருப்பார்கள். 'ஆப்ட் சேஞ்ச்லாக்' கொடுத்தாலும் யார், என்றைக்கு, எந்த எண்ணுக்காகத் திருத்தினார் என்பது வரும். உன் ஸ்கேனர் முதல் எண்ணை மட்டும் பார்க்கிறது, வாலைப் படிப்பதில்லை. டிராக்கரில் உண்மையிலேயே அடைக்கப்படாததாக ஏதாவது இருந்தால் அதை மட்டும் ஒரு தாளில் எழுதி உங்கள் ஹெச்ஓடி-யிடம் கொடு. நூறு சிவப்புக் கோட்டைவிட அந்த ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: வாலாஜாபேட்டையிலிருந்து எழுதுகிறேன் அக்கா. என்னிடம் பழைய 32-பிட் நெட்புக் ஒன்று இருக்கிறது. டெபியன் 13 போட முடியுமா?

பதில்: முடியாது. 13-ல் 32-பிட் பிசிக்கான இன்ஸ்டாலரும், கெர்னல் என்கிற இயங்குதளத்தின் மையப் பகுதியும் இல்லை. 12 போட்டுக்கொள்ளலாம். ஒரு ரிலீஸுக்கு முதல் மூன்று வருஷம் முழுப் பாதுகாப்பு, அடுத்த இரண்டு வருஷம் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) குழு பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு. 12 வந்தது 2023 ஜூனில், அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் வேறு மெஷின் பார்ப்பது நல்லது. வருத்தம் புரிகிறது, ஆனால் அந்தக் கட்டமைப்பைச் சோதித்துப் பார்க்க ஆள் குறைந்துவிட்டார்கள். ஆள் இல்லாத இடத்தில் "பாதுகாப்பு உண்டு" என்று பெயருக்குப் போட்டு வைப்பதைவிட, இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டது நேர்மை.

கேள்வி: மேடம், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஐடி பார்க்கிறேன். 2024-ல் எக்ஸ்இசட் என்ற ஒன்றில் தன்னார்வலராக வந்த ஒருவனே திருட்டுக் கதவு வைத்தான் என்று படித்தேன். அதைக் காட்டி எங்கள் முதலாளி "சம்பளம் வாங்காதவனை எப்படி நம்புவது, காசு கொடுத்தே வாங்கிவிடலாம்" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்: இந்தச் சம்பவத்தை முழுசாகத் தெரிந்துகொண்டு அவரிடம் பேசுங்கள், ஏனென்றால் பாதிக் கதை உங்கள் முதலாளி பக்கம்தான் சாயும்.

எக்ஸ்இசட் என்பது ஃபைல்களைச் சுருக்கி வைக்கும் சின்னக் கருவி, அதன் நூலகம் ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். பல வருஷம் அதை லாசே காலின் என்ற ஒரே மனிதர் பார்த்துக்கொண்டிருந்தார், சம்பளம் கிடையாது. 2021 வாக்கில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்ப ஆரம்பித்தார். நல்ல திருத்தங்கள்தான். 2022-ல் வேறு சில பெயர்களில், அதற்கு முன் யாருக்கும் தெரியாத கணக்குகளிலிருந்து, "வேலை மெதுவாகப் போகிறது, வேறு ஆளைச் சேர்த்துக்கொள்" என்று லாசே காலினை நெருக்கினார்கள். தன் உடல்நிலை, மனநிலை பற்றியும், இது சம்பளமில்லாமல் செய்யும் வேலை என்பதையும் அவர் பொதுவெளியிலேயே சொல்லிப் பார்த்தார். கடைசியில் உதவிக்கு இருந்தவரே பொறுப்புக்கு வந்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாக நம்பிக்கை சம்பாதித்துவிட்டு, 2024 பிப்ரவரி, மார்ச்சில் வந்த 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் கதவை வைத்தார்கள். அதுவும் எல்லோரும் பார்க்கிற சோர்ஸ் களஞ்சியத்தில் முழுசாக இல்லை. டெஸ்ட் ஃபைல்களுக்குள் ஒளித்து வைத்து, அதை உசுப்பிவிடுகிற வரிகளை வெளியீட்டுப் பொதியில் மட்டும் சேர்த்திருந்தார்கள்.

பிடித்தது யார் தெரியுமா? ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர், மைக்ரோசாஃப்டில் வேலை. டெபியன் அன்ஸ்டேபிளில் ஏதோ அளந்துகொண்டிருந்தவருக்கு எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவது உறுத்தியது. அரை நொடி. நாமாக இருந்தால் நெட்வொர்க் மந்தம் என்று விட்டிருப்போம். அவர் விடாமல் தோண்டி 2024 மார்ச் 29 அன்று எல்லோருக்கும் அறிவித்தார். அவரால் தோண்ட முடிந்ததற்குக் காரணம் கோட் முழுக்கத் திறந்து கிடந்தது. மூடிய மென்பொருளில் அந்த அரை நொடியைப் பற்றி ஒரு புகார் கடிதம் எழுதியிருக்கலாம், அவ்வளவுதான்.

டெபியன் ஸ்டேபிள் அந்தச் சம்பவத்தில் பாதிக்கப்படவில்லை. கெட்ட வெர்ஷன் அன்ஸ்டேபிள், டெஸ்டிங் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. முதல் பதிலில் சொன்ன அந்த மடைகள் எதற்கு இருக்கின்றன என்று உங்கள் முதலாளிக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. உடனே பழைய நல்ல வெர்ஷனைத் திருப்பிப் போட்டார்கள். வெர்ஷன் எண் கீழே இறங்கக் கூடாது என்பதால் அதற்கு '5.6.1 ப்ளஸ் ரியலி 5.4.5' என்று பெயர், அதாவது பார்வைக்கு 5.6.1, உண்மையில் 5.4.5. அடுத்து வர இருந்த 12.6 வெளியீட்டையும் தள்ளிவைத்தார்கள்.

காசு கொடுத்தால் நம்பலாம் என்பதை நான் ஏற்கவில்லை. உங்கள் முதலாளி காசு கொடுத்து வாங்கப் போகிற பொருளுக்குள்ளும் இதே மாதிரித் திறந்த நூலகங்கள் இருக்க மிகவும் வாய்ப்பு உண்டு, பார்க்க மட்டும் முடியாது. அதே நேரம் தன்னார்வலர்கள் தப்பே செய்ய மாட்டார்கள் என்றும் நான் சொல்லவில்லை. டெபியனே ஒரு பெரிய தப்பு செய்திருக்கிறது. 2006-ல் ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் ஒரு எச்சரிக்கைச் செய்தியை நிறுத்துவதற்காக மெயின்டெய்னர் ஒரு வரியை நீக்கப் போய், சாவி உருவாக்கத் தேவையான எதேச்சைத் தன்மை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. ஒரு வகைச் சாவிக்கு மொத்தமே முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் சாத்தியங்கள்தான் மிஞ்சின. 2008 மே 13 வரை யாருக்கும் தெரியவில்லை. தெரிந்ததும், அதைக் கண்டுபிடித்தவர் லூசியானோ பெல்லோ, அவரும் டெபியன் டெவலப்பர்தான், "தப்பு எங்களுடையது, இந்தச் சாவிகளையெல்லாம் தூக்கி எறியுங்கள்" என்று டெபியனே அறிவித்து, கெட்ட சாவிகளைக் கண்டுபிடிக்கும் கருவியையும் கொடுத்தது. நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சாவி மாற்றினேன். அன்றைக்கு எரிச்சலாக இருந்தாலும், பிரச்சினைகளை மறைக்க மாட்டோம் என்று அவர்களுடைய சமூக ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருப்பது வெறும் பேச்சில்லை என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

முதலாளியிடம் இதையும் கேளுங்கள்: அத்தனை சர்வர்களும் சாய்ந்து நிற்கிற ஒரு தூணை ஒரே ஆள் தனியாகப் பிடித்துக்கொண்டிருந்தார், அவருக்குக் கை கொடுக்க வந்தவன் திருடன் மட்டும்தான். மற்ற நாம் எல்லோரும் எங்கே போயிருந்தோம்?

கேள்வி: சத்துவாச்சாரியிலிருந்து. என் சர்வர் 200 நாளாக ஒரு தடவைகூட ரீஸ்டார்ட் ஆகாமல் ஓடுகிறது. அப்டேட் எல்லாம் தவறாமல் போடுகிறேன். இது பெருமைதானே?

பதில்: இல்லை. கெர்னல் அப்டேட் டிஸ்கில்தான் உட்கார்ந்திருக்கிறது, ஓடுவது 200 நாள் பழைய கெர்னல். 'நீட்ரீஸ்டார்ட்' என்ற பேக்கேஜைப் போட்டுப் பாருங்கள், எதையெல்லாம் மறுபடி துவக்க வேண்டும் என்று அதுவே பட்டியல் கொடுக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.

கேள்வி: அக்கா, வீடியோவில் ஒருவர் சொல்கிற கமாண்டை டெர்மினலில் ஒட்டினால் நேராக இணையத்திலிருந்து இறங்கி நிறுவிக்கொள்கிறது. ஆப்ட்டைவிட அதில் புது வெர்ஷன் கிடைக்கிறது. தப்பா?

பதில்: மதகு, நீர்க்கட்டி எல்லாவற்றையும் தாண்டி யாரோ ஒருவருடைய குழாயை நேராக வீட்டுக்குள் விடுகிறீர்கள். அந்த நேரத்தில் வருவது நல்ல தண்ணீராகவே இருக்கலாம், ஆனால் ஆறு மாதம் கழித்து ஓட்டை வந்தால் அடைத்துக் கொடுக்க ஆள் இருக்காது. கட்டாயம் வேண்டும் என்றால் முதலில் டெபியனின் 'பேக்போர்ட்ஸ்' பகுதியில் (மேலே சொன்ன ஒட்டுவேலை இல்லை இது, புது வெர்ஷனையே ஸ்டேபிளுக்கு ஏற்றபடி கட்டி வைத்திருக்கும் இடம்) அந்த மென்பொருளின் புது வெர்ஷன் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேள்வி: அம்மா, நான் ஆரணியில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். பேரன் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான், தமிழில் தட்டச்சு செய்து பழகிக்கொண்டேன். எனக்கு ஒன்று நெருடுகிறது. பெரிய பெரிய கம்பெனிகள் இதை வைத்துக் கோடி கோடியாகச் சம்பாதிக்கின்றன. வேலை செய்பவர்களுக்கு எதுவும் இல்லை. இது நியாயமா?

பதில்: ஐயா, நியாயமில்லை. உங்களுக்கு நெருடியது எனக்கும் பல வருஷமாக நெருடுகிறது.

ஹார்ட்பிளீட் வந்தபோது ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு ஒரு வருஷத்துக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை 2,000 டாலர் அளவுதான் என்று அவர்களே சொன்னார்கள். உலகத்தில் பாதி வங்கியும் கடையும் அதை நம்பித்தான் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தன. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் லினக்ஸ் ஃபவுண்டேஷன் பெரிய கம்பெனிகளிடம் பணம் திரட்டி இதுபோன்ற அடிப்படைத் திட்டங்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. டெபியனில் எல்டிஎஸ் வேலைக்கு மட்டும், ஃப்ரெக்ஸியன் என்ற நிறுவனம் 2014 முதல் பயனாளி நிறுவனங்களிடம் பணம் வாங்கி டெவலப்பர்களுக்கு மணிக்கணக்கில் ஊதியம் கொடுக்கிறது. பழைய கோடைத் தைக்கும் வேலையை யாரும் ஆசையாகச் செய்ய மாட்டார்கள், அதற்குக் காசு கொடுப்பது சரிதான். ஜெர்மனி அரசு இதற்கென்றே ஒரு நிதி வைத்திருக்கிறது. நம் நாட்டில் ஜெரோதா நிறுவனம் 2024-ல் வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் என்று ஒரு நிதியை அறிவித்தது. எனக்கு அது மகிழ்ச்சி, ஆனால் தேவையோடு ஒப்பிட்டால் சொட்டு.

நம் அரசைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் சென்னையில் செய்த பாஸ் லினக்ஸ் டெபியன் மேல் கட்டியதுதான். எடுத்துக்கொள்கிறோம், நல்லது, எடுத்துக்கொள்ளத்தான் கொடுத்திருக்கிறார்கள். குடிமராமத்து என்று நம் ஊரில் ஒன்று இருந்ததே ஐயா, ஏரித் தண்ணீரை வாங்குகிற வீடெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை மண்வெட்டியோடு வந்து தூர் வாருவது. ஆயக்கட்டில் நிலம் அதிகம் வைத்திருப்பவன் அதிக ஆள் அனுப்ப வேண்டும். அதேபோல் பெரிய கம்பெனிகள் ஆள் அனுப்ப வேண்டும், ஆள் இல்லையென்றால் கூலியாவது கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. அதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

கேள்வி: அக்கா, ராணிப்பேட்டை. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டு ஒரு தோல் தொழிற்சாலை அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலை. சி மொழி அவ்வளவாக வராது. எனக்கும் டெபியனுக்கு ஏதாவது செய்ய ஆசை. என் மாதிரி ஆளுக்கு இடம் உண்டா?

பதில்: உண்டும்மா. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

முதலில் உன் மெஷினிலேயே 'ஹௌ-கேன்-ஐ-ஹெல்ப்' என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது, நிறுவிக்கொள். நீ தினமும் பயன்படுத்துகிற மென்பொருள்களில் எதற்கு மெயின்டெய்னர் இல்லை, எதற்கு உதவி கேட்டிருக்கிறார்கள் என்று அது சொல்லும். மெயின்டெய்னர் விட்டுப்போன பேக்கேஜை அநாதை என்றே குறிக்கிறார்கள். முதல் தடவை அந்தப் பட்டியலைப் பார்த்தபோது எனக்கு என்னவோ செய்தது, தினமும் கையில் எடுக்கிற பொருளுக்கு வீட்டில் ஆள் இல்லை என்பது மாதிரி. அவற்றில் பலவற்றுக்கு சி மொழி வேண்டாம். ஃபான்ட் பேக்கேஜ்கள், அகராதிகள், பைத்தான் சிறு நூலகங்கள் எல்லாம் இருக்கும். பேக்கேஜ் கட்டுவது என்பது பெரும்பாலும் சில டெக்ஸ்ட் ஃபைல்களைச் சரியாக எழுதுவது: பெயர், எதெல்லாம் தேவை, உரிமம் என்ன, என்ன மாறியது. உரிமத்தைப் பொறுமையாகப் படித்து எழுதவே ஆள் தேவை. டேட்டா என்ட்ரி செய்கிற கண்ணுக்கு அது நன்றாக வரும், எழுத்து பிசகினால் உனக்குப் பட்டென்று தெரியும்.

நீ கட்டியதை நேராக ஏற்ற உனக்கு அனுமதி இருக்காது. 'மென்டர்ஸ்' என்ற தளத்தில் வைத்தால் ஒரு டெவலப்பர் பார்த்து, குறை சொல்லி, சரியானதும் தன் சாவியால் கையெழுத்திட்டு ஏற்றுவார். முதல் தடவை நிறையக் குறை சொல்வார்கள், சுருக்கமாக எழுதுவார்கள், அது கோபம் மாதிரித் தெரியும். பெரும்பாலும் கோபம் இருக்காது, நேரம்தான் இருக்காது. சிலர் பதிலே போட மாட்டார்கள், பத்து நாள் விட்டு மறுபடி கேள். இப்படிக் கொஞ்ச காலம் செய்தால் டெபியன் மெயின்டெய்னர், பிறகு டெவலப்பர் என்று படி இருக்கிறது. மொழிபெயர்ப்பு, ஆவணம் எழுதுவது மட்டும் செய்கிறவர்களும் ஓட்டுரிமையோடு டெவலப்பர் ஆகலாம்.

சாவியில் கையெழுத்து வாங்க ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்று மேலே எழுதினேன். அதற்காக வெளிநாடு போக வேண்டியதில்லை. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினி டெப்கான்ஃப் என்ற சிறு டெபியன் மாநாடு நடந்தது, அதே வருஷம் செப்டம்பரில் உலக டெபியன் மாநாடே கொச்சியில் நடந்தது. விழுப்புரத்துக்குக் காட்பாடியிலிருந்து திருவண்ணாமலை வழியாக ரயிலிலேயே போய்விடலாம். அடுத்து பக்கத்தில் எங்கே கூடினாலும் இந்தப் பகுதியில் எழுதுகிறேன், அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வா.

அதுவரை ஒரு சின்ன வேலை. டெபியனில் 'லோஹித் தமிழ்' ஃபான்ட் பேக்கேஜைப் போட்டு, உன் அலுவலகத்தில் அடிக்கிற மாதிரி நாலு பக்கம் தமிழ் அடித்து அச்செடுத்துப் பார். ஸ்ரீ, க்ஷ, கொம்பு, துணைக்கால் எங்கேயாவது பிரிந்து நிற்கிறதா, எந்த மென்பொருளில், எந்த வெர்ஷனில், வால் எண்ணோடு குறித்துக்கொள். 'ரிப்போர்ட்பக்' என்ற கருவியில் அதைப் பிழையாகப் பதிவு செய். ஆங்கிலம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, எதைச் செய்தேன், எது வந்தது, எது வந்திருக்க வேண்டும் என்ற மூன்றும் இருந்தால் போதும். 10 லட்சத்தைத் தாண்டிய ஒரு பிழை எண் உனக்கு மின்னஞ்சலில் வரும். அந்த எண்ணை எனக்கு எழுதி அனுப்பு, நானும் என் மெஷினில் அதையே அடித்துப் பார்த்து அதன் கீழே என் அனுபவத்தைச் சேர்க்கிறேன்.